குவாட்டர்பேக் வரிசை: மோதிரத்தை எண்ணினால் போதுமா?

அமெரிக்கன் ஃபுட்பாலின் வரலாற்றிலேயே சிறந்த குவாட்டர்பேக் (பாஸ் எறிந்து தாக்குதலை நடத்துபவர்) யார் என்ற பேச்சு இது. டாம் பிரேடியிடம் ஏழு சூப்பர் பவுல் மோதிரங்கள் இருக்கின்றன, அதாவது தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் இறுதி ஆட்டத்தை ஏழு முறை வென்றவர். அவர் 2023இல் ஓய்வு பெற்ற அன்று என்எஃப்எல்லின் 32 அணிகளில் எந்த அணியிடமும் ஏழு பட்டங்கள் கிடையாது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸிடம் ஆறு, நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸிடம் ஆறு, அதிலும் பேட்ரியாட்ஸின் ஆறும் பிரேடி ஆடிய காலத்தில் வந்தவை. இதைச் சொன்னதும் "அப்புறம் என்ன, பேச்சு முடிந்தது" என்பவர்கள் நிறைய. முதலிடம் யாருக்கு என்பதில் நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் அவர்கள் காட்டும் காரணம் எனக்கு ஒத்துவரவில்லை. மோதிரத்தை எண்ணுவதுதான் அளவுகோல் என்றால், நான்கு மோதிரம் வைத்திருக்கும் டெர்ரி பிராட்ஷா இரண்டு வைத்திருக்கும் பேட்டன் மேனிங்கைவிட மேலே போக வேண்டும்; ஒன்று வைத்திருக்கும் ட்ரென்ட் டில்ஃபர், ஒன்றுமே இல்லாத டான் மரீனோவுக்கு மேலே உட்கார வேண்டும். அமெரிக்கன் ஃபுட்பாலை ஒழுங்காகப் பார்க்கும் ஒருவர்கூட இரண்டாவதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள், அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நான்கு. ஏறக்குறைய ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதலில் வந்து சேர்வது குவாட்டர்பேக்கின் கையில். எதிரணியின் 130 கிலோ ஆட்கள் அவரைத் தரையில் சாய்க்கப் பாய்ந்து வரும்போது, மூன்று விநாடிக்குள், ஓடிக்கொண்டிருக்கும் ரிசீவர்களில் (பாஸைப் பிடிப்பவர்கள்) யார் தனியாக இருக்கிறார், அல்லது இன்னும் அரை விநாடியில் யார் தனியாக இருக்கப் போகிறார் என்று கண்டுபிடித்து எறிய வேண்டும். அமெரிக்க விளையாட்டுகளில் இவ்வளவு பொறுப்பு ஒரே ஆளின் தலையில் விழும் இடம் வேறு இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் மறக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு: எதிரணி பந்தை வைத்திருக்கும்போது அவர் களத்திலேயே இல்லை. தடுப்பாட்டம் ஆட வேறு பதினொரு பேர் இறங்குவார்கள், ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) உதைக்க இன்னொருவர் வருவார். அவர்கள் செய்ததும் செய்யாததும் குவாட்டர்பேக்கின் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

டில்ஃபர் கதையையே எடுத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டின் பால்டிமோர் ரேவன்ஸ் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் தாக்குதல் ஆட்டத்திலிருந்து ஒரு டச்டவுன்கூட (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) எடுக்கவில்லை. அப்படியும் சூப்பர் பவுலை வென்றார்கள், காரணம் அவர்களின் தடுப்பாட்டம், அந்த விளையாட்டின் வரலாற்றிலேயே தலைசிறந்தவற்றில் ஒன்று. டில்ஃபரை அடுத்த சீசனுக்கு அணியே வைத்துக்கொள்ளவில்லை. மேனிங்கின் வாழ்க்கையில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 2013இல் டென்வர் அணிக்காக 55 டச்டவுன் பாஸ்கள், 5,477 யார்டுகள், இரண்டுமே ஒரு சீசனுக்கான சாதனை. அந்த ஆண்டு சூப்பர் பவுலில் சியாட்டிலிடம் 43-8 என்று நொறுங்கினார்கள். இரண்டு வருடம் கழித்து, கை வலு போய், 9 டச்டவுன் 17 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்) என்று தடுமாறி, நடுவில் பெஞ்சிலும் உட்கார்ந்த மேனிங், சூப்பர் பவுல் 50இல் மோதிரம் வாங்கினார். அன்று ஆட்டநாயகன் வான் மில்லர், தடுப்பாட்டக்காரர். மேனிங்கின் வாழ்நாளின் ஆகச் சிறந்த சீசனில் பட்டம் இல்லை, ஆக மோசமான சீசனில் பட்டம்.

பிரேடியிடமும் இதே மாதிரி ஒரு ஜோடி உண்டு. முதல் சூப்பர் பவுலில் அவர் எறிந்தது மொத்தம் 145 யார்டு. வென்றார், ஆட்டநாயகன் விருதும் வாங்கினார். 2018 பிப்ரவரியில் பிலடெல்பியாவுக்கு எதிராக 505 யார்டு எறிந்தார், எந்த சூப்பர் பவுலிலும் யாரும் அதுவரை எறிந்திராத அளவு. அவருடைய அணி 41-33 என்று தோற்றது.

சரி, மோதிரத்தை விட்டுவிட்டுப் புள்ளிவிவரத்தைப் பார்ப்போம் என்றால் அதில் வேறு சிக்கல், இன்னும் பெரிய சிக்கல். பிராட்மேனையும் டெண்டுல்கரையும் ஒரே தராசில் வைக்கும்போது வரும் அதே தொல்லைதான், ஆனால் இங்கே ஆட்டத்தின் விதிகளையே பாஸ் எறிபவருக்குச் சாதகமாக நிர்வாகம் வேண்டுமென்றே பல தடவை மாற்றியிருக்கிறது. முன்பெல்லாம் தடுப்பாட்டக்காரர் ஒரு ரிசீவரைப் பந்து காற்றில் வரும்வரை வழியெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டே போகலாம். பிட்ஸ்பர்க்கின் மெல் பிளவுன்ட் அதில் அவ்வளவு கைதேர்ந்தவராக இருந்ததால், 1978இல் வந்த புதிய விதியை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்: தொடக்கக் கோட்டிலிருந்து ஐந்து யார்டுக்கு அப்பால் ரிசீவரைத் தொடக் கூடாது. அதே ஆண்டு, குவாட்டர்பேக்கைக் காக்கும் லைன்மேன்கள் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்கலாம் என்றும் அனுமதித்தார்கள். இந்த இரண்டும் சேர்ந்து ஆட்டத்தையே மாற்றிவிட்டன. ரிசீவருக்கு வழி கிடைத்தது, எறிபவருக்கு நேரம் கிடைத்தது.

அதற்குப் பிறகுதான் மரீனோ வருகிறார். 1984இல் மியாமிக்காக 5,084 யார்டு, 48 டச்டவுன். அதற்கு முன் ஒரு சீசனில் யாரும் 36 டச்டவுனைத் தாண்டியதில்லை, இவர் ஒரே தாவலில் பன்னிரண்டைக் கூட்டினார். இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த 48 இருபது வருடம் நின்றது. அது 2004இல் மேனிங் 49 எறிந்தபோது உடைந்தது, அதற்கும் ஒரு பின்னணி இருக்கிறது. 2004 ஜனவரியில் மேனிங்கின் இண்டியானாபோலிஸ் அணியை பேட்ரியாட்ஸ் வீழ்த்திய பிளேஆஃப் (சீசன் முடிவின் நாக்அவுட்) ஆட்டத்தில் ரிசீவர்களைப் பிடித்து இழுத்து முரட்டுத்தனமாக ஆடினார்கள், மேனிங் நான்கு இன்டர்செப்ஷன் கொடுத்தார். அந்தக் கோடையில், ஐந்து யார்டு விதியைக் கறாராகப் பார்க்கும்படி நடுவர்களுக்கு உத்தரவு போனது. அந்த ஆண்டே சாதனை முறிந்தது. இன்று 5,000 யார்டு என்பது அவ்வப்போது நடக்கும் ஒன்று. மரீனோ எறிந்தபோது, சின்ன வயதில் ரெக்கார்டு புத்தகத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அச்சுப் பிழையோ என்று தோன்றியிருக்கும்.

சீசனின் நீளமும் மாறியிருக்கிறது: 1960 வரை என்எஃப்எல்லில் 12 ஆட்டங்கள், அப்புறம் 14, 1978 முதல் 16, 2021 முதல் 17. பாஸர் ரேட்டிங் என்ற எண் வேறு இருக்கிறது, 158.3 வரை போகும், எத்தனை பாஸ் சேர்ந்தது, ஒரு எறிதலுக்கு எத்தனை யார்டு, எத்தனை சதவீதம் டச்டவுன், எத்தனை சதவீதம் இன்டர்செப்ஷன் என்ற நான்கையும் கலந்து 1973இல் கொண்டுவந்தது. அதன் சூத்திரம் அதற்கு முந்தைய காலத்தின் சராசரிகளை அடித்தளமாக வைத்துப் போடப்பட்டது, அப்போது 67ஐ ஒட்டி வந்தால் நடுத்தரம். இன்று நடுத்தர ஆள் 90 பக்கம் நிற்கிறார். ஆகவே 1960களின் குவாட்டர்பேக் ஜோ நேமத்தின் 173 டச்டவுன் 220 இன்டர்செப்ஷன் கணக்கைப் பார்த்து இன்றைய ரசிகர் "இவரா ஹால் ஆஃப் ஃபேமில்?" என்று கேட்பது புரிகிறது, ஆனால் அதே நேமத்தான் 1967இல், 14 ஆட்டத்தில், முதன்முதலாக 4,000 யார்டைத் தாண்டிய மனிதர்.

ஆக என் அளவுகோல் இது: ஒருவர் தன் காலத்து ஆட்களைவிட எவ்வளவு உயரத்தில் நின்றார், எத்தனை வருடம் நின்றார், அவருக்குப் பிறகு குவாட்டர்பேக் என்ற வேலையே மாறிப்போனதா. இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் பிரேடிக்கு அடுத்து எனக்கு ஜானி யுனைட்டஸ்தான். இளைஞர்கள் பட்டியலில் அவர் ஏழாவது, எட்டாவது என்று கீழே போய்க்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

யுனைட்டஸை 1955 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்களைத் தேர்ந்தெடுப்பது) ஒன்பதாவது சுற்றில் பிட்ஸ்பர்க் எடுத்தது, சீசன் தொடங்கும் முன்பே அனுப்பிவிட்டது. கட்டுமான வேலை பார்த்துக்கொண்டே, ஆட்டத்துக்கு 6 டாலர் கூலிக்கு ஒரு உள்ளூர் அரைத்தொழில்முறை அணியில் ஆடினார். அடுத்த வருடம் பால்டிமோர் கோல்ட்ஸ் வாய்ப்புக் கொடுத்தது. 1958 டிசம்பர் 28, நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியம், ஜயண்ட்ஸுக்கு எதிரான என்எஃப்எல் இறுதி ஆட்டம் (அப்போது சூப்பர் பவுல் கிடையாது). இரண்டு நிமிடம்போல மீதி, 17-14 என்று பின்தங்கி, சொந்த எல்லைக்குள் 14 யார்டு கோட்டில் பந்து. யுனைட்டஸ் ரேமண்ட் பெரிக்கு அடுத்தடுத்து மூன்று பாஸ், மொத்தம் 62 யார்டு. ஏழு விநாடி இருக்கும்போது ஃபீல்டு கோல், சமம். ஒரு என்எஃப்எல் இறுதி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது அதுவே முதல் முறை. அதிலும் யுனைட்டஸ் அணியைக் களம் முழுக்க நடத்திக்கொண்டு போய், ஆலன் அமீச்சி ஒரு யார்டு ஓடி முடித்தார், 23-17. நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்த ஆட்டம் அது. என்எஃப்எல் அமெரிக்காவின் முதன்மை விளையாட்டாக மாறிய கதையை எழுதும் எல்லோரும் அந்த மாலையிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

எந்த ஆட்டமுறையை ஆடுவது என்று முடிவெடுத்ததும் அவரேதான். இன்று பயிற்சியாளர் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஒலிபெருக்கி வழியாகச் சொல்கிறார். யுனைட்டஸ் களத்தில் நின்றபடி, எதிரணியின் நிற்கும் முறையைப் பார்த்து, முந்தைய வாய்ப்பில் அவர்கள் எப்படி ஏமாந்தார்கள் என்பதை நினைவில் வைத்து, தானே அழைத்தார். கடைசி இரண்டு நிமிடத்தை ஒரு தனிக் கலையாக ஆக்கியவர் அவர். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து 47 ஆட்டங்களில் குறைந்தது ஒரு டச்டவுன் பாஸ். அதை முறியடிக்க 2012இல் ட்ரூ பிரீஸ் வர வேண்டியிருந்தது, அதாவது ஐந்து யார்டு விதியும் உள்ளரங்க மைதானமும் இருந்த காலம். 1959இல் 12 ஆட்டங்களில் 32 டச்டவுன், ஒரு சீசனில் 30ஐத் தொட்ட முதல் ஆள். ரிசீவரை இடிக்கலாம், எறிபவரைத் தலையில் அடிக்கலாம் என்றிருந்த நாட்களில் இதைச் செய்தார் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மூன்றாவது மேனிங். மேலே அவர் தோல்விகளைச் சொன்னேன், அவர் மதிப்பைச் சொல்லவில்லை. ஐந்து எம்விபி (சீசனின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்) விருது, வேறு யாருக்கும் அத்தனை இல்லை. ஆனால் விருதைவிட எனக்குப் பெரிய சான்று அவர் ஆடாத வருடம். 2010இல் இண்டியானாபோலிஸ் 10 வெற்றி 6 தோல்வி. 2011இல் கழுத்து அறுவைச் சிகிச்சையால் மேனிங் ஒரு ஆட்டமும் ஆடவில்லை: 2 வெற்றி, 14 தோல்வி. ஏறக்குறைய அதே அணி. தொடக்கக் கோட்டுக்கு வந்து, கைகளை ஆட்டி, கத்தி, ரிசீவர்களை இடம் மாற்றி, எதிரணியின் திட்டத்தைக் கண்முன்னே படித்து ஆட்டத்தை மாற்றும் வழக்கத்தை, யுனைட்டஸிடமிருந்து பயிற்சியாளர்கள் கைக்குப் போய்விட்ட அந்த அதிகாரத்தை, மேனிங் திரும்பக் களத்துக்கே கொண்டுவந்தார். இப்போது எல்லா அணிகளிலும் அதன் சாயல் இருக்கிறது.

ஜோ மான்டானாவை நான்காவதாக வைப்பது சான்ஃபிரான்சிஸ்கோ ரசிகர்களுக்குக் கோபம் தரும். நான்கு சூப்பர் பவுல், நான்கும் வெற்றி, அந்த நான்கிலும் சேர்த்து 122 முறை எறிந்து 11 டச்டவுன், ஒரு இன்டர்செப்ஷன்கூடக் கிடையாது. 1989 ஜனவரியில் சின்சினாட்டிக்கு எதிராக மூன்று புள்ளி பின்தங்கியிருந்தபோது 92 யார்டு நடத்திப் போய், 34 விநாடி மீதியிருக்க ஜான் டெய்லருக்கு எறிந்த அந்தப் பாஸ், நிதானம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குக் காட்ட வேண்டியது. முதுகில் அறுவைச் சிகிச்சை செய்து இரண்டு மாதத்துக்குள் 1986இல் திரும்பி வந்து ஆடியவர். பயிற்சியாளர் பில் வால்ஷின் குறும் பாஸ் முறை அவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது, ஆனால் முறை இருந்தால் போதாது, அதை அந்த நேரம் தவறாமல் செய்ய ஆள் வேண்டும்.

எனக்குச் சம்மதமில்லாதது "சூப்பர் பவுலில் 4-0, பிரேடியோ 7-3, ஆகவே மான்டானா" என்ற வாதம். 1985, 86, 87 மூன்று சீசனிலும் மான்டானாவின் அணி பிளேஆஃபின் முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது, ஒன்றில் ஜயண்ட்ஸிடம் 49-3. 87இல் மின்னசோட்டாவுக்கு எதிராக அவரை வெளியே எடுத்துவிட்டு ஸ்டீவ் யங்கை இறக்கினார்கள். சூப்பர் பவுல்வரை போய்த் தோற்றவரைவிட, அங்கே போகாமலே தோற்றவர் எப்படிக் குறையில்லாதவர் ஆவார்? பிரேடி பத்து முறை இறுதிக்குப் போனது அவருக்கு எதிரான சாட்சியாக மாறுவது நியாயமே இல்லை.

பிரேடி விஷயத்தில் எதிர்வாதம் ஒன்று வலுவானது, அதை மறைக்கக் கூடாது. 2008இல் முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்கால் போய்விட்டது, மாட் காஸல் என்ற மாற்று ஆட்டக்காரரோடு பேட்ரியாட்ஸ் 11 வெற்றி பெற்றார்கள். மேனிங் இல்லாமல் 2, பிரேடி இல்லாமல் 11. பில் பெலிச்சிக் என்ற பயிற்சியாளரின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி அதனால்தான் வருடக்கணக்கில் நின்றது. 2020இல் 43 வயதில் பிரேடி டாம்பா பேவுக்குப் போய் முதல் வருடமே பட்டம் வென்றார், பெலிச்சிக்கின் அணி அதே வருடம் 7 வெற்றி 9 தோல்வி. ஒரு சீசன் எல்லாவற்றையும் நிரூபித்துவிடாது, ஆனாலும் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியின் சத்தம் குறைந்துவிட்டது.

என்னை அவர் பக்கம் சாய்ப்பது அவர் மூன்று வெவ்வேறு ஆட்டக்காரராக இருந்தார் என்பது. 199வது ஆளாக டிராஃப்டில் எடுக்கப்பட்டு, தடுப்பாட்டத்தை நம்பி, தவறு செய்யாமல் ஆடி நான்கு ஆண்டில் மூன்று பட்டம். பிறகு 2007இல் 50 டச்டவுன் எறிந்து, 16 ஆட்டத்திலும் தோற்காத அணியின் தலைவர், ஆனால் 2005க்கும் 2015க்கும் நடுவே பட்டம் ஒன்றும் இல்லை. அப்புறம், பெரும்பாலானவர்கள் ஓய்வு பெற்றுப் போய்விடும் வயதில், மறுபடி நான்கு. அட்லாண்டாவுக்கு எதிராக 28-3 என்று கிடந்த ஆட்டத்தை 34-28 என்று முடித்தபோது அவருக்கு 39. 89,214 யார்டு, 649 டச்டவுன் என்ற மொத்தக் கணக்கை விதிமாற்றம் கொஞ்சம் ஊதிக்காட்டுகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே விதிகளில் ஆடிய மற்றவர்களும் இருந்தார்களே.

ஓட்டோ கிரஹாம் ஐந்தாவது. க்ளீவ்லண்ட் பிரவுன்ஸுக்காகப் பத்து சீசன், 1946 முதல் 1955 வரை, பத்திலும் இறுதி ஆட்டம், ஏழு பட்டம். முதல் நான்கு வேறொரு லீக்கில் வந்தவை, அதனால் மதிப்பில்லை என்பார்கள். அந்த லீக் கலைந்து 1950இல் பிரவுன்ஸ் என்எஃப்எல்லுக்கு வந்தபோது, முதல் ஆட்டமே நடப்புச் சாம்பியன் பிலடெல்பியாவோடு. 35-10. அந்த ஆண்டுப் பட்டமும் பிரவுன்ஸுக்கே. 1954 இறுதியில் டெட்ராய்ட்டை 56-10 என்று அடித்தபோது கிரஹாம் மூன்று டச்டவுன் எறிந்து, மூன்றை ஓடியே எடுத்தார்.

இந்தப் பட்டியல்களில் பேசாமல் விடப்படும் ஒன்று உண்டு: ஆடவே விடப்படாதவர்கள். கல்லூரியில் குவாட்டர்பேக்காக ஜொலித்த கறுப்பின வீரர்களை என்எஃப்எல் பல பத்தாண்டுகளுக்கு ரிசீவராகவோ தடுப்பாட்டக்காரராகவோ மாற்றியது. மார்லின் பிரிஸ்கோ 1968இல் டென்வருக்காக நன்றாகவே எறிந்தார், அடுத்த வருடம் அவருக்கு அந்த இடம் இல்லை, பஃபலோவுக்குப் போய் ரிசீவராக ஆடினார். வாரன் மூனை 1978 டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. கனடாவுக்குப் போய் எட்மன்டனுக்காகத் தொடர்ந்து ஐந்து முறை அந்நாட்டு லீக்கின் கிரே கோப்பை வென்ற பிறகு, 1984இல்தான் ஹூஸ்டன் கூப்பிட்டது. என்எஃப்எல்லில் 49,325 யார்டு, கனடாவில் 21,228. அந்த ஆறு வருடங்களும் இங்கே ஆடியிருந்தால் அவர் எங்கே நின்றிருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆகவே அவரை ஒரு எண்ணில் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. டக் வில்லியம்ஸ் 1988 ஜனவரியில் சூப்பர் பவுலின் இரண்டாவது கால்பகுதியில் மட்டும் நான்கு டச்டவுன் எறிந்து வாஷிங்டனை வெல்ல வைத்தார், அப்படி வென்ற முதல் கறுப்பின குவாட்டர்பேக். இரண்டு அணியிலும் கறுப்பின குவாட்டர்பேக் தொடங்கிய முதல் சூப்பர் பவுல் நடந்தது 2023இல்.

அதில் வென்றவர் பேட்ரிக் மஹோம்ஸ். 28 வயதுக்குள் மூன்று பட்டம், இரண்டு எம்விபி. ஓடிக்கொண்டே, உடம்பை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே, தோளுக்குக் கீழிருந்து அவர் எறியும் பாஸ்களை முன்பு பயிற்சியாளர்கள் கண்டித்துத் திருத்தியிருப்பார்கள், இன்று பள்ளிப் பிள்ளைகள் பழகுகிறார்கள். நான்கு எம்விபி வாங்கிய ஆரன் ராட்ஜர்ஸை இப்போதே தாண்டிவிட்டார் என்பது என் கருத்து, கிரஹாமை இன்னும் தாண்டவில்லை. பிரேடியோடு அவரை ஒப்பிடுபவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும்: பிரேடியின் ஏழில் நான்கு, 37 வயதான பிறகு வந்தவை. மஹோம்ஸுக்கு 37 ஆவது 2032 செப்டம்பரில்.